கோவிந்தப்பா வெங்கடசாமி

கோவிந்தப்பா வெங்கடசாமி (அக்டோபர் 1, 1918 – சூலை 7, 2006) தமிழகத்தைச் சேர்ந்த கண் மருத்துவர். அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவியவர். 'டாக்டர் வி' என்றே பரவலாக அறியப்பட்டார். 1973-இல் பத்மசிறீ விருது பெற்றார்.

வாழ்க்கை

எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். 1944-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றுப் படை மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பதே அவர் விருப்பம். முடக்குவாதம் அதற்குக் குறுக்கே வந்தது. நெடுநாள் படுக்கையில் கிடந்தார், கைவிரல்கள் நிரந்தரமாகக் கோணிப்போயின. பின்னர் கண் மருத்துவம் படித்து, அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகினார். அவர் செய்த கண் அறுவைகள் ஒரு இலட்சத்துக்கும் மேல் என்பர். 1956 முதல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவராக இருந்தார். ஊர் ஊராகக் கண் சிகிச்சை முகாம்களும் நடத்தினார்.

அரவிந்த் கண் மருத்துவமனை

1976-இல் பணி ஓய்வு பெற்றதும் மதுரையில் 11 படுக்கைகளுடன் மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டணம் செலுத்துவோர் தரும் பணத்தில் ஏழைகளுக்கு இலவச சிகிச்சை என்பது ஏற்பாடு. இதை வெறும் தருமம் என்று எழுதிவிடுவது சரியாகாது. கணக்கு இடிக்காமல் இருந்ததற்குக் காரணம் வேலைமுறை. அறுவை அரங்கில் மருத்துவர் ஒரு மேசையில் முடிப்பதற்குள் அடுத்த மேசையில் நோயாளி ஆயத்தமாக இருப்பார். பார்வைச் சோதனை, அறுவைக்கு முந்தைய ஆயத்தம் போன்றவற்றைப் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் செய்வர். மருத்துவரின் நேரம் அறுவைக்கே செலவாகும்.

ஆனால் உள்விழி வில்லை இறக்குமதிப் பொருளாகவே இருந்தது. அதன் விலை கட்டாத ஏழைகளுக்குக் கண்புரையை மட்டும் அகற்றி, 'சோடாபுட்டி' என்று கேலி செய்யப்பட்ட தடித்த கண்ணாடியைக் கொடுத்தனுப்ப வேண்டியிருந்தது. அது உடைந்தால் மீண்டும் பார்வை மங்கிவிடும். 1992-இல் மதுரையில் தொடங்கிய ஆரோலேப் நிறுவனம் இந்த வில்லையை இறக்குமதி விலையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக்குத் தயாரித்தது. பிறகு பல நாடுகளுக்கும் அது ஏற்றுமதியாயிற்று. வெங்கடசாமியின் பணிகளுள் மிகத் தொலைவு சென்றது இதுவே எனலாம்.

புதுச்சேரி

வெங்கடசாமி அரவிந்தர், அன்னை ஆகியோரைப் பின்பற்றியவர். மருத்துவமனையின் பெயரும் அரவிந்தருடையதே. 1910 முதல் 1950-இல் மறையும்வரை அரவிந்தர் வாழ்ந்த புதுச்சேரிக்கு, அவர் பெயர் தாங்கிய மருத்துவமனை 2003-இல்தான் வந்தது. முதலியார்பேட்டை வழியாகக் கடலூர் சாலையில் தெற்கே சென்றால், அரியாங்குப்பத்தை அடுத்த தவளக்குப்பத்தில் அது உள்ளது. கடலூர், விழுப்புரம் பகுதி மக்களும் இங்கு வருகின்றனர்.