பரிசலின் உள்ளமைப்பும் பாதுகாப்பும்

பரிசல் என்பது ஆறுகளிலும் நீர்த்தேக்கங்களிலும் பயன்படும் வட்ட வடிவச் சிறு படகு ஆகும். சேலம் மாவட்டத்தில், 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்தில் மீனவர்கள் பரிசலில் சென்று வலை விரிக்கின்றனர்.

அமைப்பு

மூங்கில் பிளாச்சுகளைக் கூடைபோல் முடைந்து பரிசல் செய்யப்படுகிறது. முற்காலத்தில் அதன்மேல் விலங்குத் தோல் போர்த்தினர். பின்னர் தார் பூசிய பிளாஸ்டிக் விரிப்பு வந்தது. தற்போது கண்ணாடியிழைப் பரிசல்களும் உள்ளன.

சுமை

மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான நீரை விலக்கும். 2 மீட்டர் விட்டமுள்ள தட்டையான அடிப்பகுதி 10 செ.மீ. அமிழ்ந்தால் ஏறத்தாழ 314 லிட்டர் நீர் விலகும். அதாவது பரிசல், ஆட்கள், வலை, மீன் எல்லாம் சேர்ந்து 314 கிலோ. மேலும் 31 கிலோ ஏறினால் இன்னும் 1 செ.மீ. அமிழும்.

உள்ளே மாற்றம் செய்தல்

* உயரமான இருக்கை பொருத்தினால் ஈர்ப்பு மையம் மேலேறும். பரிசல் எளிதில் கவிழும். எனவே அடியில் அமர்வதே நல்லது.
* துடுப்புப் போடுபவர் ஓர் ஓரத்தில் இருப்பதால், வலையையும் மீனையும் அவருக்கு எதிர்ப்புறமாக வைத்து எடையைச் சமப்படுத்த வேண்டும்.
* ஆணி அடித்தால் போர்வை கிழிந்து நீர் கசியும். கயிற்றால் கட்ட வேண்டும்.
* நீர் உறிஞ்சாத நுரைக் கட்டைகளை விளிம்பின் உட்புறம் கட்டினால், நீர் நிரம்பினாலும் பரிசல் மூழ்காமல் மிதக்க உதவும்.

அலுமினியப் படகு

அலுமினியப் படகுகளுக்கும் இவ்விதிகள் பொருந்தும். கூடுதலாக, தாமிரம் கலந்த மருந்தேற்றிய பலகையைத் தளமாகப் போடக் கூடாது. ஈரத்தில் அது அலுமினியத்தை அரிக்கும்.

எம்மாற்றம் செய்தாலும், முதலில் கரையோர ஆழமற்ற நீரில் சுமையேற்றிச் சோதிக்க வேண்டும். மிதவைச் சட்டை எப்போதும் கட்டாயம்.