ஒரு சொல்லும் இரு களஞ்சியங்களும்

புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசல் குன்றில், சமணர் கற்படுக்கையொன்றன் மீது பழந்தமிழ்க் கல்வெட்டொன்று உளது. அத்துணைத் தொன்மையான கல்வெட்டுகளிற் புள்ளியிடும் வழக்கமில்லை. ஆதலின் ஓரெழுத்து மெய்யோ உயிர்மெய்யோ என்பதனை, வெட்டினோர் கையாண்ட முறையை உணர்ந்தோரே துணிதல் கூடும். வடிவத்தைப் பெறுதல் வேறு, அதனை அமைத்த முறையைப் பெறுதல் வேறு. இவ்விடர் இந்நாளிற் கணிப்பொறியினுள்ளும் நிகழ்கின்றது.

கைடோ வான் ரோசம் என்பார் 1991-இல் வெளியிட்ட பைத்தான், கணிப்பொறிக்குக் கட்டளையிடும் மொழிகளுள் ஒன்று. மொழி ஒன்றேயாயினும் அதனை இயக்கும் நிரல்கள் பல. அவற்றுள் சீபைத்தான் மூத்தது, பைபை பின்வந்தது. நெடுங்கணக்குகளைப் பைபை பெரும்பாலும் விரைந்து முடிக்கும். ஆயினும் துணைநிரல்கள் பல சீபைத்தானுக்கென்றே எழுதப்பெற்றவை. எனவே ஒரே பணியில் இரண்டையும் நாடுவோர், ஒன்றினின்று மற்றொன்றுக்குத் தரவினைக் கொண்டுசெல்ல வேண்டியவராகின்றனர்.

'தமிழ்' என்னும் சொல்லையே கொள்வோம். நமக்கு இதன்கண் எழுத்து மூன்று. ஒருங்குறியிலோ தகரம், மகரம், இகரக்குறி, ழகரம், புள்ளி எனக் குறிகள் ஐந்து. 2012-இல் வந்த 3.3 ஆம் பதிப்பு முதலாகச் சீபைத்தான் இக்குறி ஒவ்வொன்றுக்கும் 2 பைட்டு இடமளித்து, சொல்லை 10 பைட்டில் வைக்கின்றது. பைபையோ 2019 முதல் யூடிஎஃப்-8 முறையைத் தழுவி, குறிக்கு 3 பைட்டாக 15 பைட்டில் வைக்கின்றது. ஆங்கிலச் சொல்லுக்கு இவ்வேற்றுமை இல்லை. அதன் எழுத்தொன்றுக்கு இரண்டிடத்தும் 1 பைட்டே. எல்லை கடக்கச் சுங்கம் செலுத்துவன நம்மொழி போன்றனவே!

இச்சுங்கம் யாதெனில், படியெடுக்கும் உழைப்பு. வழக்கமான முறையில், அனுப்பும் நிரல் தரவு முழுவதையும் பொதுவடிவிற் கோத்து அனுப்ப, பெறும் நிரல் அதனைப் பிரித்துத் தன் களஞ்சியத்தில் மீண்டும் கட்டுகின்றது. சங்கப் பாடல்கள் 2381-க்கும் சொல்லடைவு செய்வோர்க்கு இது பெரிதன்று. பல்லாண்டுச் செய்தித்தாள்களை ஆராய்வார்க்கோ, ஆராயும் பொழுதினும் பெயர்க்கும் பொழுது மிகுதலும் உண்டு.

மற்றொரு வழி, நினைவகத்தில் இரு நிரலும் காணத்தக்க பொதுவிடம் ஒன்றை வகுத்தல். அதிற் சொற்களை இடைவெளியின்றி யூடிஎஃப்-8 முறையில் அடுக்கி, ஒவ்வொரு சொல்லும் தொடங்கும் இடத்தைத் தனியே அட்டவணையாக வைப்பர். 2016-இல் தோன்றிய அப்பாச்சி ஆரோ என்னும் அமைப்பு இங்ஙனமே செய்கின்றது. ஆயிரமாவது சொல் வேண்டுவோர் அட்டவணையை நோக்கி நேரே அங்குச் செல்லலாம். ஏனையவற்றைத் தொட வேண்டுவதில்லை. சீபைத்தான் அச்சொல்லைத் தன் சரமாக்குங்கால் 15 பைட்டு 10 ஆகத்தான் வேண்டும். எனினும் அவ்வுழைப்பு எடுத்த சொல்லளவே.

ஆனால் ஒரு கட்டுப்பாடு உளது. ஒருவர் படித்துக்கொண்டிருக்கையில் மற்றவர் அப்பொதுவிடத்தைத் திருத்தலாகாது. திருத்தின் அட்டவணை ஓரிடமும் சொல் வேறிடமுமாய்ப் பிறழும். ஆதலின் ஆரோ அமைப்பில் ஒருகால் எழுதியதை மாற்றாது, திருத்தம் வேண்டின் புதியதோர் அடுக்கையே அமைக்கின்றனர்.