சோளமும் சுண்ணாம்பும்

தெருவில் ஒரு தட்டு – 9

சென்ற வாரம் மெக்சிகோ நகரத்தின் காலைத் தமாலேயோடு நிறுத்தினோம். இந்த வாரம் பொழுது சாய்ந்த பிறகு களைகட்டும் டாக்கோ கடை.

அங்கே மெனு கார்டைத் தேட வேண்டாம். சுவரில் எழுதியிருக்கும், படிக்க வராவிட்டால் முன்னால் நிற்பவர் கேட்டதையே கேட்டுவிடலாம். கடைக்காரர் பதிலுக்கு ஒன்றுதான் கேட்பார்: "கோன் தோதோ?" எல்லாம் போடவா என்கிறார். எல்லாம் என்றால் பொடியாக அரிந்த வெங்காயமும் கொத்தமல்லியும், அவ்வளவுதான். "ஸீ" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நம்மூர்த் தலையாட்டலை அங்கே "வேண்டாம்" என்று எடுத்துக்கொண்டுவிடுவார்கள்.

பிளாஸ்டிக் தட்டின் மேல் பாலிதீன் பை மாட்டியிருக்கும். ஒருவர் சாப்பிட்டு முடித்ததும் பையை உருவிப் போட்டுவிட்டு அடுத்த பை. குழாய்த் தண்ணீர் இல்லாத தெருக்கடை கண்ட வழி. நின்றபடி, கழுத்தைத் தட்டுக்கு மேல் நீட்டிச் சாப்பிட வேண்டும். இல்லையென்றால் சட்டை போயிற்று. பச்சை சல்சா சாதுவானது என்று நம்பிவிடாதீர்கள், பல கடைகளில் சிவப்பைவிட அதுதான் காரம். பல இடங்களில் எத்தனை சாப்பிட்டோம் என்று நாமே கணக்குச் சொல்லிக் காசு கொடுக்கிறோம். கிளம்பும்போது பக்கத்தில் நிற்கும் முகம் தெரியாதவர்களிடமும் "ப்ரோவேச்சோ" சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். நல்லாச் சாப்பிடுங்க என்று வாழ்த்து.

கூட்டம் அதிகம் நிற்பது 'அல் பஸ்தோர்' சுற்றும் கடையில். செங்குத்தான கம்பியில் பன்றி இறைச்சித் துண்டுகளைப் பம்பர வடிவத்தில் அடுக்கி, நெருப்போரம் சுழலவிட்டு, வெந்த விளிம்பை மட்டும் சீவிச் சீவி எடுக்கிறார்கள். உச்சியில் அன்னாசி. அதிலிருந்து ஒரு சீவலைக் கத்தியால் சுண்டிவிட்டு, கையிலிருக்கும் டாக்கோவில் பிடிப்பது ஒரு வித்தை. பார்த்தவுடன் ஷவர்மா நினைவு வரும், வர வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஓட்டோமான் பேரரசை விட்டுக் கப்பலேறிய லெபனான்காரர்கள் கொண்டுவந்த கம்பி அது. 1930-களில் புவேப்லா நகரத்தில் 'அரபு டாக்கோ' விற்றார்கள். பிறகு மெக்சிகோ மிளகாயும் அச்சியோத்தே விதையும் சேர்ந்து இறைச்சி சிவந்தது. பன்றியும் வெங்காயமும் கொத்தமல்லியும் எலுமிச்சையும் ஸ்பானியரோடு வந்தவை. அந்தத் தட்டில் மிளகாயையும் சோளத்தையும் எடுத்துவிட்டால் உள்ளூர்க்காரர் என்று சொல்ல அதிகம் பேர் மிஞ்சமாட்டார்கள்.

அதனால்தான் ஒரு டாக்கோ கடையை நான் இறைச்சியை வைத்து எடைபோடுவதில்லை. அடியில் இருக்கும் டோர்ட்டியாவை, அந்தச் சோள ரொட்டியைப் பார்க்கிறேன்.

மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டுக் காலையில் கழுவினால் தோல் கையோடு வந்துவிடும். அதை ஈரமாக அரைத்தால் ஒட்டும் மாவு. சுண்ணாம்பு படாத சோளமாவை எவ்வளவு பிசைந்தாலும் தட்டும்போது விண்டு போகும். சுண்ணாம்பு இன்னொரு வேலையும் செய்கிறது: சோளத்துக்குள் பூட்டிக் கிடக்கும் நியாசின் சத்தை உடம்புக்குக் கிடைக்கச் செய்கிறது. ஐரோப்பியர்கள் சோளத்தை வாரிக்கொண்டு போனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். 18-ஆம் நூற்றாண்டிலிருந்து வட இத்தாலியிலும், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தென் மாநிலங்களிலும், சோளத்தையே நம்பியிருந்த ஏழைகள் பெலாக்ரா நோயில் தோல் வெடித்து, புத்தி பேதலித்துச் செத்தார்கள். அப்போதும் மெக்சிகோ கிராமத்துப் பெண்கள் வழக்கம்போல இரவில் சோளத்தை ஊறப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

1949-இல் தொடங்கிய க்ரூமா நிறுவனம் இந்த ராத்திரி வேலையைப் பொட்டலமாக்கியது. 'மசேக்கா' மாவில் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் போதும். பல கடைகளில் இன்று அதுதான். விடியுமுன் எழுந்து சோளம் கழுவு என்று அவர்களிடம் சொல்ல நான் யார்? ஆனால் நாக்குக்குத் தெரிந்துவிடுகிறது. ஈர மாவில் தட்டியது கல்லில் பூரிபோல உப்பும், மடித்தால் வளையும், சோள வாசம் இறைச்சியையும் தாண்டி வரும். பொட்டல மாவுக்கு அந்த வாசம் கிடையாது.

சான் ரஃபேல் பகுதியில் 'எல் கலீஃபா தே லியோன்' என்றொரு கடை, 1968-லிருந்து நடக்கிறது. பத்தடிக்குப் பத்தடி இடம். நான்கு வகை டாக்கோ மட்டும். 2024 மே மாதம் மிஷ்லின் நட்சத்திரம் கிடைத்தது. மெக்சிகோவில் ஒரு டாக்கோ கடைக்கு அது முதல் முறை. மிஷ்லின்காரர்கள் கொண்டுவந்த முழுக்கை வெள்ளைக் கோட்டைச் சமையல்காரர் போட்டுக்கொள்ளவில்லை. அந்த அடுப்புச் சூட்டில் யார் போடுவார்? ரொடோல்ஃபோ கவோனா என்ற காளைச்சண்டை வீரர் பெயரில் அவர்கள் தரும் 'கவோனேரா'வில் மெல்லிய மாட்டிறைச்சித் துண்டு, உப்பு, எலுமிச்சைச் சாறு, வேறொன்றுமில்லை. ஆனால் இறைச்சி வேகும் கல்லுக்குப் பக்கத்திலேயே மாவு உருண்டையை அழுத்தி டோர்ட்டியா போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நட்சத்திரத்தில் பாதி அந்தக் கைக்குப் போக வேண்டும் என்பேன்.

சென்னையில் 'மெக்சிகன்' என்று நம் மேஜைக்கு வருவது பெரும்பாலும் எல்லையோரத்து உணவு. நாச்சோஸ் 1940-களில் பியேத்ராஸ் நேக்ராஸ் என்ற எல்லை ஊரில், அமெரிக்க வாடிக்கையாளர்களுக்காகப் பிறந்தது. மொறுமொறு ஓட்டு டாக்கோவை உலகமெங்கும் கொண்டுபோனவை அமெரிக்கச் சங்கிலிக் கடைகள். இவற்றைப் போலி என்று நான் தள்ளமாட்டேன். மாலை நேரத்துக்கு நாச்சோஸ் நல்ல கொறிப்பு. கோதுமை டோர்ட்டியாவைக் கண்டும் முகம் சுளிக்க வேண்டாம், வட மெக்சிகோவின் சோனோராவில் அதுதான் வீட்டுச் சாப்பாடு. எது கேட்டாலும் டோர்ட்டியா இங்கேயே சுடுவதா என்று முதலில் விசாரியுங்கள். இல்லை என்றால் ஒரு எலுமிச்சை ஜூஸோடு எழுந்துவிடலாம்.

(தொடரும்)