மலை சுற்றும்போதும் மாத்திரை மறவாதீர்!

பவுர்ணமி இரவு. திருவண்ணாமலையில் ஏராளமானோர் 14 கிலோ மீட்டர் நடந்து மலையைச் சுற்றுகிறார்கள். அவர்களில் காக்காய் வலிப்பு உள்ளவர்களும் இருக்கலாம். இரவெல்லாம் கண் விழிப்பு, மாத்திரையோ வீட்டில்! இந்த இரண்டுமே வலிப்பைக் கொண்டுவரும்.

தூக்கத்தில் சாவு

வலிப்பால் உயிர் போகாது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அமெரிக்க நடிகர் கேமரூன் பாய்ஸ், 2019-ம் ஆண்டு ஜூலை மாதம் தூக்கத்திலேயே இறந்தார். வயது 20தான். வலிப்பு நோயே காரணம் என்று தெரிந்தது.

வலிப்பு நோய் உள்ள பெரியவர்களில், ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவர் இப்படித் திடீரென்று இறக்கிறார். ஆகவே பீதி வேண்டாம்; கவனம் வேண்டும். நினைவு தப்பி, கை கால் வெட்டி இழுக்கும் வலிப்பு அடிக்கடி வருவோருக்கே ஆபத்து அதிகம்.

என்ன செய்யவேண்டும்?

மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது. விரத நாளிலும் டாக்டரைக் கேளாமல் நிறுத்தக்கூடாது. இரவில் ஒருவர் அருகில் படுப்பது நல்லது.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். கையில் சாவி கொடுப்பதால் பயன் இல்லை. 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108-க்குப் போன் செய்யுங்கள்.

"இந்த ஆபத்து எங்கள் பிள்ளைக்கு உண்டா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.