மண்டை ஓடும் கழுத்தும் சேரும் இடத்தில் பிறவிக் கோளாறு: ஆபரேஷனில் என்ன செய்கிறார்கள்?

‘இல்லை’ என்று தலையை இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். அந்தத் திருப்பத்தில் ஏறத்தாழ பாதி, கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையில்தான் நடக்கிறது. முதலாவது அட்லஸ், மோதிரம் மாதிரி ஒரு வளையம். இரண்டாவதான ஆக்ஸிஸிலிருந்து பல் போன்ற முளை ஒன்று மேலே நீண்டு அந்த வளையத்துக்குள் நிற்கும். அதற்கு ஒட்டினாற்போல் பின்னால் தண்டுவடம்.

சிலருக்கு இந்த இடம் பிறவியிலேயே சரியாக உருவாகியிருக்காது. அட்லஸ் மண்டை ஓட்டோடு ஒட்டிப்போயிருக்கலாம். முளை மேலேறி மூளைத்தண்டை அழுத்தலாம். இந்த மேலேற்றத்துக்குப் பெயர் ‘பேசிலார் இன்வாஜினேஷன்’.

பிறவிக் கோளாறுன்னா குழந்தையிலேயே தெரிஞ்சிடாதா? பலருக்குத் தெரிவதில்லை. குட்டைக் கழுத்து, தாழ்ந்த பின்முடி தவிர வேறு அடையாளம் இருக்காது. பெரியவர்களான பிறகு கை மரத்துப்போகும், சட்டைப் பட்டன் போட விரல் தடுமாறும், நடை தள்ளாடும். ‘கழுத்துத் தேய்மானம்’ என்று நினைத்தே நாட்கள் ஓடிவிடும். சலூனில் கழுத்தை நெட்டி முறிப்பது இவர்களுக்கு உண்மையிலேயே ஆபத்து.

வாய் வழியாக ஆபரேஷன்

முன்பு பரவலாக இருந்த முறையைக் கேட்டாலே கதிகலங்கும். வாயைத் திறந்துவைத்து, தொண்டையின் பின்சுவரைக் கீறி, முளையைச் செதுக்கி எடுப்பார்கள். கிருமித்தொற்று, மூளைத் தண்டுவட நீர்க்கசிவு என ஆபத்துகள் உண்டு. முளை போனதும் கழுத்து ஆட்டம் காணும் என்பதால், பெரும்பாலும் பின்பக்கமும் இன்னொரு ஆபரேஷன்!

திருப்பம் மும்பையில் வந்தது. கே.இ.எம். மருத்துவமனையின் நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் அதுல் கோயல், இரு எலும்புகளிலும் ஸ்க்ரூ போட்டுத் தகட்டால் இணைக்கும் முறையை 1994-ல் சக மருத்துவருடன் வெளியிட்டார். ஜெர்மனியின் ஜூர்கன் ஹார்ம்ஸ் 2001-ல் தகட்டுக்குப் பதில் ராடு பயன்படுத்தினார். இன்று அது கோயல்-ஹார்ம்ஸ் முறை.

2004-ல் கோயல் இன்னும் ஒருபடி போனார். கழுத்தின் பின்பக்கமாக மூட்டைத் திறந்து, இடையில் ஸ்பேசர் வைத்து விரித்து, அப்படியே ஸ்க்ரூ போட்டு நிறுத்தினார். மூட்டு விரியும்போது முளை கீழே இறங்கும். அதை வெட்டவே தேவையில்லை. ‘அழுத்துவதை அகற்று’ என்ற யோசனை ‘ஆடுவதை நிறுத்து’ என மாறியது. எல்லோருக்கும் இது பொருந்தாது; இறங்க மறுக்கும் முளைகளுக்கு இன்றும் முன்வழி ஆபரேஷன் உண்டு. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் முதுகெலும்புத் தமனி ஸ்க்ரூ போகும் வழிக்கு மிக அருகில் ஓடுகிறது. பிறவிக் கோளாறு உள்ளவர்களுக்கு அது வழக்கமான பாதையில் இல்லாமலும் இருக்கலாம். அதனால் ஆபரேஷனுக்கு முன் சி.டி. ஆஞ்சியோ எடுத்துப் பார்க்கிறார்கள்.

நீண்ட நாள் நசுங்கிய தண்டுவடம் முழுதாக மீளும் என்று உத்தரவாதம் இல்லை. பூட்டிய மூட்டும் இனி திரும்பாது. பைக் ஓட்டும்போது பின்னால் பார்க்க, தோளையும் சேர்த்துத்தான் திருப்ப வேண்டியிருக்கும்.