தாளில் கருகிய குரல்

குரலைக் கண்ணால் பார்க்க ஒரு காலத்தில் தாளைச் சுட வேண்டியிருந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1940களில் உருவான ஸ்பெக்ட்ரோகிராஃப் கருவி, 1950களில் 'சோனாகிராஃப்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ஒரு தடவைக்கு 2.4 நொடிப் பேச்சுதான் அதில் அடங்கும். உருளையில் சுற்றிய தாள் சுழலச் சுழல, ஊசிமுனை அதைக் கருக்கியபடி மேலேறும். சில நிமிடங்களில் கருகல் வாடையோடு ஒரு படம் கைக்கு வரும். நீண்ட வாக்கியமென்றால் துண்டு துண்டாகப் படமெடுக்க வேண்டும். ஒலிகளின் எல்லைகளை அளவுகோல் வைத்துப் பென்சிலால் குறிக்க வேண்டும்.

இன்று அந்த வேலை மடிக்கணினியில் நடக்கிறது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பால் பூர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் 1990களில் தொடங்கிய 'ப்ராட்' மென்பொருள் இலவசம். அதன் மூலநிரலும் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. டச்சு மொழியில் அந்தப் பெயருக்குப் பேச்சு என்று பொருள். விண்டோஸில் நிறுவுவது எளிது: ஜிப் கோப்பைப் பதிவிறக்கி, விரித்து, உள்ளே இருப்பதைச் சொடுக்கினால் போதும். ஒலிப்பதிவைத் திறந்தால் மேலே அலைவடிவம், கீழே அன்று தாளில் கருகிய அதே வகைப் படமான ஸ்பெக்ட்ரோகிராம். அதன்மேல் சுருதி நீலக் கோடாகவும், தொண்டை, வாய் அறைகளின் ஒத்ததிர்வுகளான ஃபார்மன்ட்கள் சிவப்புப் புள்ளிகளாகவும் தெரியும்.

குறிப்பெழுத 'டெக்ஸ்ட்கிரிட்' உண்டு. சொல்லுக்கு ஓர் அடுக்கு, ஒலிக்கு ஓர் அடுக்கு. இடத்தைச் சொடுக்கி என்டரைத் தட்டினால் எல்லைக்கோடு விழும். பிசகினால் இழுத்து நகர்த்தலாம். பென்சில் கோடு அந்தத் தாளோடு நின்றுபோனது. டெக்ஸ்ட்கிரிட்டையோ வேறொருவர் திறந்து, அதே ஒலியைக் கேட்டு, கோட்டைத் திருத்த முடியும்.

ஒலி நீடிக்கும் அளவான மாத்திரையைக் கண்ணிமைப்பாலும் கைநொடியாலும் அளந்தது தொல்காப்பியம். 'படு', 'பாடு' என்று சொல்லிப் பதிந்து பாருங்கள். குறிலும் நெடிலும் மில்லிநொடிக் கணக்கில் கண்முன் நிற்கும்.

மாறாத ஒன்று உண்டு. 'பழம்' என்கையில் அகரம் எங்கே முடிகிறது, ழகரம் எங்கே தொடங்குகிறது? இரண்டும் வழுக்கிக் கலக்கும் இடத்தில் கோடு போட, திரும்பத் திரும்பக் கேட்கும் காது வேண்டும். ப்ராட் ஃபார்மன்ட்களைத் தேடும் உச்சவரம்பைப் பெண்குரலுக்கு 5500 ஹெர்ட்ஸ், ஆண்குரலுக்கு 5000 என்று குரலுக்கேற்ப மாற்றாவிட்டால் சிவப்புப் புள்ளிகளும் பொய் சொல்லும்.

அன்று 2.4 நொடிக்கே ஓர் ஆய்வுக்கூடம் தேவைப்பட்டது. இன்று நம் பாட்டி சொல்லும் முழுக் கதையையும், அவர் ஊர் வழக்கு மாறாமல், வீட்டிலேயே சொல் சொல்லாகக் குறித்து வைக்கலாம். கருவிக்காகக் காத்திருந்த காலம் போய்விட்டது; பாட்டியின் குரல்தான் இனிக் காத்திருக்காது.