பெற்றோருக்குப் பின் உடன்பிறந்தோர்

உயிரணுவில் 21-ஆம் குரோமோசோம் இரண்டாக இராமல் மூன்றாக அமைவதே டவுன் நோய்க்குறி. இதனுடன் பிறந்தோர் நெடுநாள் வாழார் என்று எண்ணிய காலம் ஒன்றுண்டு. இருதய அறுவை மருத்துவம் வளர்ந்தமையால் அவர்களுட் பலர் இன்று அறுபது வயதை எட்டுகின்றனர். ஆகவே, பெற்றோருக்குப் பின் அவர்களுக்குத் துணையாவோர் பெரும்பாலும் உடன்பிறந்தோரே.

கீழக்கரையில் மகளுக்கு வீடும் மகனுக்குக் கடல் கடந்த தொழிலும் என்பது பல குடும்பங்களின் வழக்கம். “அவனுக்கு லாத்தா இருக்கிறாளே” என்று பெற்றோர் வாளாவிருந்து விடுகின்றனர். அவளுக்கும் கணவனும் மக்களும் உண்டு. கேளாமல் ஏற்றிய பாரம் பிற்காலத்தில் மனக்கசப்பாக முடியும். எனவே, பெற்றோர் இருக்கும்போதே மக்கள் யாவரும் கூடிப் பேசுதல் நன்று. ஒருவர் உடனிருந்து பேணினால், அயல்நாட்டில் உழைப்பவர் மாதச் செலவை ஏற்கலாம். விடுமுறைக்கு வருங்கால் பேணும் பொறுப்பையும் ஏற்று அவளுக்கு ஓய்வளிக்கலாம். யாருடன் வாழ விருப்பம் என்று அந்தச் சகோதரனையும் கேட்டறிதல் வேண்டும். தைராய்டு, செவி, கண் சோதனைகள் தவறலாகாது. நாற்பதைக் கடந்தபின் மறதிநோய் முந்தித் தோன்றக்கூடும் என்பதையும் பேணுவோர் அறிந்திருத்தல் நலம்.

18 வயது நிறைந்ததும் பெற்றோரின் இயல்பான காப்பாளர் உரிமை முடிவடைகின்றது. அதன்பின் காப்பாளர் தேவைப்படுமாயின், 1999-ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவுக்குப் பெற்றோரோ உறவினரோ விண்ணப்பிக்கலாம். உடன்பிறந்தாரும் காப்பாளராகலாம். நியமனம் பெற்ற ஆறு மாதத்துள் சொத்துப் பட்டியலும், பின்னர் ஆண்டுதோறும் கணக்கும் அவர் ஒப்படைக்க வேண்டும். காப்பாளர் அச்சொத்தின் காவலரேயன்றி உரிமையாளர் ஆகார்.

இராமநாதபுரத்திலுள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை அணுகுமுன், அடுத்த விடுமுறைக்கு மகன் ஊர் திரும்பும்போது வீட்டிலேயே இப்பேச்சைத் தொடங்குக.